சுமைச் சோதனையில் உலாவியின் கேஷ்: ஜேமீட்டர் கொண்டு ஒரு செய்முறை

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தின் அன்றாட விலையைக் காட்டும் ஒரு தளத்தையும், பவானி ஜமக்காளத்தைத் தீபாவளி நேரத்தில் விற்கும் ஒரு தளத்தையும் எண்ணிப் பாருங்கள். முதல் தளத்தைத் தினமும் திறப்பவர்கள் பெரும்பாலும் அதே வியாபாரிகள்; படங்களும் ஸ்டைல்ஷீட்டும் நேற்றே அவர்களுடைய கைபேசியில் இறங்கிவிட்டதால், இன்று சர்வரிடம் அவர்கள் கேட்பது விலைப்பட்டியலை மட்டுமே. விளம்பரம் பார்த்து ஜமக்காளம் வாங்க வருபவரோ எல்லாக் கோப்புகளையும் முதன்முறையாக இறக்குகிறார். இப்படி முன்பே இறக்கிய கோப்புகளை உலாவி சேமித்து வைக்கும் இடமே கேஷ்; வருபவர்களில் எத்தனை பங்கினர் நிரம்பிய கேஷோடு வருகிறார்கள் என்று முடிவு செய்யாமல் சுமைச் சோதனையை (பலர் ஒரே நேரத்தில் வந்தால் தளம் தாங்குமா என்று பார்ப்பதை) தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோவையின் சரவணம்பட்டி, பீளமேடு பக்கத்து நிறுவனங்களில் சோதனைப் பணிக்குப் புதிதாகச் சேர்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் உலாவியில் பாருங்கள்

குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் ‘டிஸேபிள் கேஷ்’ கட்டத்தில் குறியிட்டுப் பக்கத்தை ஏற்றுங்கள். பிறகு குறியை எடுத்துவிட்டு, அதே பக்கத்துக்கு இரண்டு முறை சென்று வாருங்கள். இப்போது சில கோப்புகளுக்கு நேரே அளவு இருக்க வேண்டிய இடத்தில் ‘மெமரி கேஷ்’ அல்லது ‘டிஸ்க் கேஷ்’ என்று காணப்படும்.

சர்வர் கோப்போடு அனுப்பும் கேஷ்-கன்ட்ரோல் என்ற தலைப்பு வரியில் (ஹெடர்) மேக்ஸ்-ஏஜ் 86400 என்றிருந்தால், 86,400 நொடிகள், அதாவது ஒரு நாள் வரை, அந்தக் கோப்புக்காக உலாவி பொதுவாகச் சர்வரை அணுகுவதில்லை. அந்தக் காலம் கடந்தபின், தன்னிடமுள்ள ஈடேக் மதிப்பை (கோப்பின் அந்தப் பதிப்புக்குச் சர்வர் தந்த அடையாளக் குறியை) இஃப்-நன்-மேட்ச் தலைப்பில் வைத்து, கோப்பு மாறியிருக்கிறதா என்று கேட்கும். மாறவில்லை எனில், கோப்பை அனுப்பாமல் 304 என்ற விடையை மட்டும் சர்வர் தரும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடாதீர்கள். முன்னதில் சர்வருக்கு வேலையே இல்லை. பின்னதில் தரவு மிச்சமாகிறது. ஆனால் கோரிக்கை போய் வரும் நேரமும் அதைக் கையாளும் வேலையும் அப்படியேதான் இருக்கின்றன.

ஜேமீட்டரில் அமைத்தல்

ஜேமீட்டர் ஒரு சுமைச் சோதனைக் கருவி; அதில் ஒரு த்ரெட் என்பது ஒரு போலிப் பயனர். டெஸ்ட் பிளானில் இரண்டு த்ரெட் குரூப்புகளை உருவாக்கி, ஒன்றுக்குப் ‘புதியவர்’ என்றும் மற்றதற்குத் ‘திரும்ப வருபவர்’ என்றும் பெயரிடுங்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் தனித்தனியே உலாவியின் கேஷைப் போல நடந்துகொள்ளும் ஓர் எச்டிடிபி கேஷ் மேனேஜரைச் சேருங்கள். அதை டெஸ்ட் பிளானின் மேல்நிலையில் வைத்தால் ஒரே அமைப்பு இரண்டு குழுக்களுக்கும் பொருந்திவிடும்; பிரித்ததன் பயன் போய்விடும்.

இரண்டிலும் கேஷ்-கன்ட்ரோல், எக்ஸ்பயர்ஸ் தலைப்புகளைப் பின்பற்றச் சொல்லும் கட்டத்தில் குறி இருக்கட்டும். ‘புதியவர்’ குழுவில் மட்டும், ஒவ்வொரு சுற்றிலும் கேஷை அழிக்கச் சொல்லும் கட்டத்திலும் குறியிடுங்கள். அடுத்து, எச்டிடிபி ரிக்வெஸ்டின் அட்வான்ஸ்டு பகுதியில், பக்கத்தில் பதிந்துள்ள எல்லாக் கோப்புகளையும் இறக்கும் வசதியை இயக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ஜேமீட்டர் எச்டிஎம்எல் பக்கத்தை மட்டுமே இறக்கும். படங்களும் ஸ்டைல்ஷீட்டும் சோதனைக்குள் வரவே மாட்டா. ஜேமீட்டர் ஜாவாஸ்கிரிப்டை இயக்காது என்பதால், ஸ்கிரிப்ட் வழியே வரும் கோப்புகளுக்குத் தனிக் கோரிக்கைகளை நீங்களே எழுத வேண்டியிருக்கும்.

‘திரும்ப வருபவர்’ குழுவிலும் ஒவ்வொரு த்ரெட்டின் கேஷும் தொடக்கத்தில் காலியாகவே இருக்கும். எனவே ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரே ஒரு முறை ஓடும் ஒன்ஸ் ஒன்லி கன்ட்ரோலருக்குள் ‘கேஷ் நிரப்பல்’ என்ற பெயரில் அதே பக்கத்துக்கான கோரிக்கையை வைத்து, முடிவுகளைக் கணக்கிடும்போது அந்தப் பெயரை விலக்கிவிடுங்கள்.

சரிபார்க்க, ஒரே த்ரெட்டை இரண்டு சுற்று ஓட்டி வியூ ரிசல்ட்ஸ் ட்ரீயைப் பாருங்கள். கேஷிலிருந்து எடுத்த கோப்புக்கு ஜேமீட்டர் இயல்பாகப் பதிவே காட்டாது. வரி காணாமல் போனால் அது பிழையன்று.

பங்கை எங்கிருந்து எடுப்பது

அனலிட்டிக்ஸ் சொல்லும் ‘திரும்ப வந்தவர்’ எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் கழித்து வருபவரின் கேஷ் காலாவதியாகியிருக்கலாம். சர்வரின் அக்சஸ் லாகில் (வந்த கோரிக்கைகளின் பதிவில்), முகப்புப் பக்கம் எத்தனை முறை கேட்கப்பட்டது, முதன்மை ஸ்டைல்ஷீட் எத்தனை முறை 200 என்ற விடையோடு முழுமையாக இறங்கியது என்று எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, கேஷோடு வருபவர்களின் அளவை ஏறத்தாழக் காட்டும். தேடுபொறி போன்றவற்றின் தானியங்கி நிரல்கள் (பாட்) அனுப்பும் கோரிக்கைகளை முன்பே நீக்கிவிடுங்கள். நடுவில் சிடிஎன் (கோப்புகளின் நகலை வைத்து வாசகருக்கு அருகிலிருந்து தரும் சர்வர்களின் வலை) இருந்தால் அதன் லாகையே பயன்படுத்த வேண்டும். பங்கு 70 விழுக்காடு என்று வந்தால், த்ரெட்டுகளைத் ‘திரும்ப வருபவர்’ குழுவுக்கு 70, ‘புதியவர்’ குழுவுக்கு 30 என்ற விகிதத்தில் பிரியுங்கள்.

பொதுச் சிடிஎன்னில் உள்ள எழுத்துருவோ ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகமோ வேறு தளத்தின் வழியாக வாசகரிடம் முன்பே இருக்கும் என்று கணக்கிடுவது இன்று பொருந்தாது; குரோம் 86ஆம் பதிப்பு முதல், 2020இலிருந்து, கேஷைத் தளவாரியாகப் பிரித்தே வைக்கிறது.

கோப்புப் பெயர்களை மாற்றிப் புதிய பதிப்பை வெளியிடும் நாளில், வழக்கமாக வரும் மஞ்சள் வியாபாரியும் புதியவர் போலவே எல்லாவற்றையும் இறக்குவார். அந்த நாளுக்காகத் ‘திரும்ப வருபவர்’ குழுவை முடக்கி, மொத்தத் த்ரெட்டுகளையும் ‘புதியவர்’ குழுவுக்குக் கொடுத்து இன்னொரு முறை ஓட்டி, அந்த முடிவையும் அறிக்கையில் தனியே சேருங்கள்.