டொராண்டோ பனியில் கள்ளியும் யூக்காவும்: வெளியிலேயே வளர்க்கும் முறை

கனடாவில் கள்ளி என்றால் பலருக்கும் ஜன்னலோரத் தொட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் எரி ஏரிக் கரையில், பாயிண்ட் பீலியில், ஒரு சப்பாத்திக்கள்ளி தானாகவே வளர்கிறது. கத்திபோல நீண்ட இலைகள் கொண்ட யூக்காவிலும் ஒரு வகை, யூக்கா கிளாக்கா, ஆல்பர்ட்டாவின் தென்கோடியில் காட்டுச்செடி. மைனஸ் 20 டிகிரி குளிர் இவற்றைக் கொல்வதில்லை. குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் ஈரம்தான் கொல்லும். கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் அந்த ஈரத்தை விரட்டத்தான்.

1. செடி

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒபன்ஷியா ஹ்யூமிஃபூசா என்ற சப்பாத்திக்கள்ளியும் யூக்கா ஃபிலமென்டோசாவும் போதும். இன்னும் குளிரான ஊர் என்றால் ஒபன்ஷியா ஃப்ராஜிலிஸ், யூக்கா கிளாக்கா. வீட்டுக்குள் வைக்க விற்கும் கள்ளிகளை வெளியே நடாதீர்கள், முதல் உறைபனியிலேயே போய்விடும். காட்டிலிருந்தும் பிடுங்க வேண்டாம். ஒன்டாரியோவில் காட்டுச் சப்பாத்திக்கள்ளி அருகிவரும் செடி. நர்சரியில் வாங்குங்கள், அல்லது வளர்ப்பவரிடம் ஒரு மடல் கேளுங்கள்.

2. இடம்

தெற்கு பார்த்த சுவரோரம், தினமும் குறைந்தது 6 மணி நேர வெயில். கூரைத் தண்ணீர் சொட்டும் இடமும், சாலை உப்பு தெறிக்கும் இடமும் ஆகாது.

3. மண்

நேரத்தை இதில் செலவிடுங்கள். டொராண்டோவில் பல வீட்டுத் தோட்டங்களில் களிமண்தான். அதில் குழி தோண்டிச் சரளை கொட்டினால், சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் கிணற்றில் ஊறுவதுபோல அங்கே வந்து நிற்கும். ஆகவே தோண்டாமல் மேலே எழுப்புங்கள்: சுமார் 30 செ.மீ. உயர மேடு. தோட்டமண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, பொடிச் சரளை ஒரு பங்கு. குழந்தைகள் விளையாடும் மென்மணல் வேண்டாம், களிமண்ணோடு சேர்ந்து இறுகிவிடும். கம்போஸ்டும் தேவையில்லை. நட்டபின் மேலே 3 முதல் 5 செ.மீ. கூழாங்கல் பரப்பினால் செடியின் கழுத்து உலர்ந்தே இருக்கும்.

4. நடுதல்

மே கடைசியில் நடலாம். வெட்டிய மடலை ஒரு வாரம் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு புதையுமாறு ஊன்றுங்கள். முதல் தண்ணீர் இன்னொரு வாரம் கழித்துத்தான். பெரிய முள்ளை விடக் கண்ணுக்கே தெரியாத பூமுள்தான் தொல்லை. தோல் கையுறையிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சமையலறை இடுக்கியோ மடித்த செய்தித்தாளோ நல்லது. சின்னப் பிள்ளைகள் ஓடும் வழியில் நட வேண்டாம்.

முதல் கோடையில் மண் நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர். ஆகஸ்ட் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து உரம் போட்டால் இளந்தண்டு பெருகும், அது குளிரில் அழுகும்.

5. குளிர்காலம்

நவம்பரில் மடல்கள் சுருங்கி, ஊதா நிறம் ஏறி, தரையில் சாய்ந்துவிடும். பயப்படாதீர்கள். செடி தன் நீரைக் குறைத்து, மிச்சமிருக்கும் சாற்றின் அடர்த்தியைக் கூட்டிக்கொள்கிறது. அதனால்தான் திசுக்கள் உறைந்து வெடிப்பதில்லை. பாவமென்று தண்ணீர் ஊற்றினால் அந்த வேலை கெடும்.

பனி பெய்து மூடினால் நல்லது, அது குளிரைத் தடுக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பகலில் மழையும் இரவில் உறைபனியுமாக மாறிமாறி வருவதுதான் ஆபத்து. கள்ளிகளுக்கு மேல் ஒரு பாலிகார்பனேட் (ஒளி ஊடுருவும் கெட்டிப் பிளாஸ்டிக்) தகட்டைச் சரிவாகப் பொருத்தி, காற்றில் பறக்காமல் கட்டுங்கள். பக்கங்கள் திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் சுற்றி மூடினால் உள்ளே வியர்த்து அழுகிவிடும். ஃபிலமென்டோசாவுக்கு இந்தக் கூரை அவசியமில்லை.

6. வசந்தம்

ஏப்ரலில் தகட்டை எடுங்கள். கருத்து, கொழகொழவென்று போன மடல்களை மட்டும் வெட்டுங்கள். சுருங்கியிருந்தாலும் கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள், மே கடைசிக்குள் நிமிர்ந்துவிடும். ஜூனில் மஞ்சள் பூ வரும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நாள்தான் ஆயுள் என்றாலும், அடுத்தடுத்து மலர்ந்துகொண்டே இருக்கும்.

யூக்கா பூக்கச் சில வருடங்கள் ஆகலாம். பூத்த இலைக்கொத்து மெல்ல வாடும், அப்புறம் அடியில் பக்கக் கன்றுகள் வரும். பூத்தண்டை வெட்டிவிட்டு, அடுத்த மே மாதம் கன்றுகளை வேரோடு பிரித்து இன்னொரு மேட்டில் நடுங்கள்.