கான்ட்ராக்ட் இல்லாத மாதத்துக்கு டிடிஎஸ் பணம்

ஃப்ரீலான்ஸ் கான்ட்ராக்டில் வேலை செய்பவரா? வருமானவரி ரிட்டர்னைக் கடைசித் தேதி வரை இழுக்காமல், ஜூன் மாதம் 26ஏஎஸ்-ல் (உங்கள் பேரில் கட்டிய வரியைக் காட்டும் பட்டியல்) நாலாவது காலாண்டு டிடிஎஸ் (பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) ஏறியதும் போட்டுவிடுங்கள். அடுத்த கான்ட்ராக்ட் வரும்வரை ரீஃபண்ட் கைகொடுக்கும்.

பில் தொகையில் பொதுவாக 10 சதவீதத்தைக் கம்பெனி டிடிஎஸ்ஸாகப் பிடித்துக்கொண்டுதான் தரும். இன்ஜினியர், டெக்னிக்கல் கன்சல்டன்ட் போன்றவர்கள் 44ஏடிஏ என்ற வரிச்சட்டப் பிரிவின்படி வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். 18 லட்சம் வரவென்றால் பிடித்தது 1.8 லட்சம், கணக்கில் வரும் வருமானம் 9 லட்சம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, ஆக முழுத் தொகையும் உங்களுக்கே. ரிட்டர்னைப் போட்டுவிட்டு ஆதார் ஓடிபி கொடுக்காமல் விடுகிறவர்கள் ஏராளம். இப்படி ஆன்லைனில் உறுதிசெய்யாவிட்டால் (இ-வெரிஃபை) ரீஃபண்ட் நகராது. பேங்க் அக்கவுன்ட்டையும் வருமானவரி போர்ட்டலில் முன்பே சரிபார்த்து வையுங்கள்.

வெளிநாட்டு கிளையன்ட் மட்டுமே என்றால் பொதுவாக டிடிஎஸ்ஸே இருக்காது, இது உதவாது. 2 சதவீதம் மட்டும் பிடிக்கும் டெக்னிக்கல் சர்வீஸ் பில்லிலும் பெரிதாகத் தேறாது. பங்கு விற்ற லாபம் இருந்தால் கணக்கு மாறும், ஆடிட்டரைக் கேளுங்கள்.