செம்பருத்தி சொல்லும் மண் சோதனை

தோட்டத்து மண் அமிலமா, காரமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். நாலைந்து சிவப்புச் செம்பருத்திப் பூக்களின் இதழ்களைக் கொதிநீரில் ஊறவைத்து, சாறு இறங்கியதும் வடிகட்டுங்கள். மேல்மண்ணை விட்டு ஒரு சாண் ஆழத்தில் எடுத்த மண்ணைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிடுங்கள். தெளிந்த நீரில் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அமிலம் என்றால் சிவக்கும், காரம் என்றால் பச்சை தட்டும்.

இதில் தண்ணீர்தான் முக்கியம். திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, மானூர் பக்கத்து போர் தண்ணீரே காரமாக இருக்கலாம். அதை ஊற்றினால், மண்ணுக்குப் பதில் தண்ணீரைத்தான் சோதித்திருப்பீர்கள். மழைநீர் நல்லது, இல்லாவிட்டால் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர்.

கரிசல் மண் என்றால் இன்னும் சுலபம். காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அதாவது காரம். சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கலந்த நிலத்தில் நன்றாகவே பொங்கும். அமிலத்துக்கு ஆப்பசோடா சோதனை சொல்வார்கள். ரொம்பப் புளித்த மண்ணில்தான் அது நுரைக்கும். தேயிலை விளைந்த மாஞ்சோலை மலைக்கு வேண்டுமானால் சரி, நம்ம சமவெளிக்கு அது அவ்வளவாக உதவாது.

காரம் என்று தெரிந்தால் அடுப்புச் சாம்பலை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது காரத்தைக் கூட்டும். கறிவேப்பிலைக் கொழுந்து நரம்பு மட்டும் பச்சையாக, மற்றபடி மஞ்சளாக இருந்தால், காரத்தால் இரும்புச்சத்து ஏறாமல் இருக்கலாம். மட்கிய தொழு உரத்தைத் தாராளமாகப் போடுங்கள். எண் கணக்காகத் தெரிய வேண்டுமென்றால் மண் பரிசோதனை நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.