சட்டைப்பை ரிவால்வரும் நார்த்தூளும்: முதல்முறை .22 வாங்குகிறவருக்கு

எங்கள் சாளை (தோட்டத்து வீடு) காங்கேயத்துக்குக் கிழக்கே தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. கத்திக் கூப்பிட்டாலும் அடுத்த சாளைக்குக் கேட்காது. சனிக்கிழமை தோறும் தேங்காய் நார் மில் ஆட்களுக்குச் சம்பளப் பணம் எடுத்துக்கொண்டு டி.வி.எஸ். 50-இல் மண்தடத்தில் வர வேண்டும். சின்ன ரிவால்வர் ஒன்றுக்கு லைசென்ஸ் வாங்கியது அதற்காகத்தான். வாங்கிய பிறகு செய்த தப்புகள் நிறைய. அதே தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

லைசென்ஸ்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016. வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஏ-1 படிவம், டாக்டர் சான்று, துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, அப்புறம் போலீஸ் விசாரணை. லைசென்ஸ் தருவது, கோவை, திருப்பூர், சேலம் போல போலீஸ் கமிஷனர் உள்ள மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு கமிஷனர், மற்றவர்களுக்கு கலெக்டர். "பாதுகாப்புக்காக" என்று ஒற்றை வரி எழுதிய என் முதல் மனு அப்படியே திரும்பி வந்தது. எவ்வளவு பணம், எந்த வழி, எந்தக் கிழமை என்று விவரமாக எழுதிய இரண்டாவது மனுதான் நகர்ந்தது.

காட்டுப்பன்றிக்கும் மயிலுக்கும் என்று நினைத்து யாரும் இதை வாங்காதீர்கள். இரண்டும் வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகின்றன. போதாக்குறைக்கு, இந்தத் தோட்டா பன்றியைக் கோபப்படுத்துமே ஒழிய விழத்தாட்டாது.

.22-ஆ, .32-ஆ

.22, .32 என்பது குழலின் துளை தோராயமாக எத்தனை அங்குலம் என்பது. நம் நாட்டில் சாதாரண லைசென்ஸ்காரருக்குச் சின்ன ரிவால்வரில் பெரிய தேர்வு கிடையாது. இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் 'நிடர்' .22 ரகம்: 8 தோட்டா பிடிக்கும், எடை சுமார் 250 கிராம், கால் கிலோ கடலைப்பருப்புப் பொட்டலம் மாதிரி. கான்பூரில் 2014-இல் வந்த 'நிர்பீக்' .32 ரகம்: 6 தோட்டா, எடை அரைக்கிலோ. பழைய இரும்பு .32 அதையும்விடக் கனம்.

.32 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் குப்பி அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். .22-இல் தனிக் குப்பி கிடையாது. பித்தளைக் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பற்றும் மருந்தைச் சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். அதனால்தான் இதை ரிம்ஃபயர் என்கிறோம். துப்பாக்கியின் சுத்தியல் விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். விளிம்பில் ஓரிடத்தில் மருந்து பரவாமல் விட்டிருந்து, அடியும் அதே இடத்தில் விழுந்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. நடுவில் குப்பி உள்ள சென்டர்ஃபயரைவிட இதில் வெடிக்காத தோட்டா கொஞ்சம் அதிகம்தான்.

அப்படியிருந்தும் நான் .22 எடுத்ததற்குக் காரணம் எடை. கனமாக இருந்தால் இரண்டாம் வாரமே பீரோவுக்குப் போய்விடும் என்று என்னைப் பற்றி எனக்கே தெரியும். வெடிக்காவிட்டாலும் ரிவால்வரில் இன்னொரு முறை விசையை இழுத்தால் அடுத்த அறை (தோட்டா உட்காரும் துளை) வந்து நிற்கும். பிஸ்டலில் அப்படி முடியாது. .22-இல் பிஸ்டல் வேண்டாம் என்பது என் கட்சி.

'மேக்னம்' (பலம் கூடின .22 ரகம்) என்று யாராவது பேச்சு எடுத்தால் ஒதுங்கிவிடுங்கள். அதன் அறையில் சாதாரண .22 லாங் ரைபிள் தோட்டா லொடலொடவென்று உட்கார்ந்து கூடு கிழியும். குழலில் என்ன பொறித்திருக்கிறதோ அந்தத் தோட்டா மட்டும்தான்.

கடையில் பார்க்க வேண்டியது

விசையை இழுத்துப் பாருங்கள். விளிம்பை நசுக்க வேண்டியிருப்பதால் ஸ்பிரிங் கடினமாக இருக்கும். சுத்தியலைப் பின்னிழுக்காமல் நேரே விசையை இழுத்தால் இன்னும் கடினம். எங்க வீட்டம்மாவால் ஒரு விரலால் முடியவில்லை. எனக்கு வேறு பிரச்சனை: மண்வெட்டி பிடித்த கைக்கு அந்தப் பிடி பத்தவில்லை, சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கியது.

தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுக்கக் கடைக்காரர் விட மாட்டார். அவர் செய்வது சரி. ரிம்ஃபயரில் வெற்று அடி விழுந்தால் அடிக்கும் ஊசி அறையின் உதட்டிலேயே மோதிப் பள்ளம் போடும். சுட்ட காலிக் கூடுகளைப் போட்டு இழுக்கிறேன் என்று கேளுங்கள்.

தோட்டா: நான் விழுந்த இடம்

ரைபிள் கிளப்பில் முதல் நாள் 50 தோட்டா சுட்டேன். ஒன்றுகூட ஏமாற்றவில்லை. அந்தத் தைரியத்தில் அறைகளை நிரப்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் மில்லுக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். அப்புறம் கிளப்புக்குப் போய் அதே தோட்டாக்களைச் சுட்டால் டிக், டிக், டம், டிக். கைகால் சில்லிட்டுவிட்டது. இதை நம்பியா இத்தனை நாள் மண்தடத்தில் வந்தேன்?

தோட்டாதான் சரியில்லை என்று வேறு பெட்டி வாங்கினேன். ஒரு மாதம் கழித்து அதே கதை. கிளப்பில் இருந்த ஒரு பெரியவர்தான், "ஏனுங்க தம்பி, வெடிக்காததையே இன்னொருக்கா அடிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அடித்தேன், வெடித்தது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு தோட்டாவைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஈயக்குண்டைச் சுற்றிச் சாந்து பூசிய மாதிரி பழுப்பாக நார்த்தூள்.

.22 குண்டின் மேல் மெழுகு பூசியிருக்கும். பையில் இருக்கும் தூசு, பஞ்சு, நார்த்தூள் எல்லாம் அதில் ஒட்டும். அறைக்குள்ளும் முந்தைய நாள் சுட்ட ஈயமும் மெழுகும் வளையமாகப் படிந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் தோட்டா முழுக்க உட்காராது, விளிம்பு மயிரிழை வெளியே நிற்கும். முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், இரண்டாவது அடிக்குத்தான் வெடிக்கும். தோட்டா மேலும் துப்பாக்கி மேலும் பழியைப் போட்டேன், குற்றம் என் சட்டைப்பையில் இருந்தது.

வெடிக்காவிட்டால் இப்படிக் கண்டுபிடிக்கலாம். முதலில் குழலை இலக்குப் பக்கமே நீட்டி 30 விநாடி பொறுங்கள், தாமதமாக வெடிக்கலாம். பிறகு கழற்றி விளிம்பைப் பாருங்கள். தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாவை அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டு அடியுங்கள். அப்போது வெடித்தால் மருந்து பரவாத தோட்டா, அந்தப் பெட்டியைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். தடம் மேலோட்டமாக இருந்தால் அழுக்கு அல்லது ஸ்பிரிங். இன்னொன்று: சத்தம் 'புஸ்' என்று வந்தால் அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நிற்கலாம்.

எந்தத் தோட்டா என்றால், தாமிரப் பூச்சுள்ள, குண்டின் எடை 40 கிரெய்ன், உருண்டை முனை, அதிவேக ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கையில் பிசுபிசுக்காது, தூசு குறைவாக ஒட்டும். போட்டிக்காரர்கள் விரும்பும் மெழுகு தடித்த இலக்குத் தோட்டா பைக்கு ஆகாது. பட்டதும் விரிய வேண்டிய துளை முனைக் குண்டு வேண்டும் என்று பலர் அடம்பிடிக்கிறார்கள். இரண்டங்குலத்துக்கும் குறைவான குழலில் வேகம் போதாமல் அது பெரும்பாலும் விரியவே விரியாது. எதுவானாலும் ஒரே பெட்டியில் 50 சுட்டுப் பார்த்த பிறகே பையில் போடுங்கள்.

சுத்தம்

.22 பித்தளைப் பிரஷ், பழைய வேட்டித்துணி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. அறைக்குள் எண்ணெய் நிற்கக் கூடாது, துடைத்து உலர்த்திவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். துரு நீக்கும் ஸ்பிரேயைத் தோட்டா மேல் அடித்தால் உள்ளே இறங்கி மருந்தையே கெடுத்துவிடும். தேங்காய் எண்ணெயா? தென்னை விளைகிற ஊரிலிருந்து சொல்கிறேன், வேண்டாம். குளிரில் உறைந்துவிடும்.

நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் கழற்றித் துடைக்கிறேன். பையில் இருந்த தோட்டாக்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளப்பில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுசு போடுகிறேன்.

எங்கே வைப்பது

வேட்டி மேல் கட்டும் பச்சை பெல்ட்டில் முயன்றேன். குனிந்தால் நழுவுகிறது. சட்டைப்பையின் கதைதான் தெரியுமே. இப்போது பேன்ட்டின் முன்பையில் உறையோடு வைக்கிறேன், அந்தப் பையில் சாவி, சில்லறை எதுவும் கிடையாது. உறை விசையை முழுக்க மூட வேண்டும். வியர்வை குடிக்கும் மெல்லிய தோல் ஆகாது. பொது இடத்தில் உறைக்குள், வெளியே தெரியாமல் வைத்திருக்க வேண்டும் என்பது விதியும்கூட. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வரை சிறை.

பழைய மாடலாக இருந்தால் சுத்தியலுக்குக் கீழே உள்ள அறையைக் காலியாக விடுங்கள். மொபெட்டில் போகும்போது கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் வெடிக்க வாய்ப்புண்டு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டுப் பெட்டி, சாவி இடுப்பில்.

பின்சேர்க்கை

பெருந்துறைக்காரர் ஒருவர், முப்பது தோட்டாவுக்கு மேல் சிலிண்டர் சுற்றவே மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தார். காலிக் கூட்டை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் பாருங்கள் அண்ணா. எரியாத மருந்துத் துகள் இரண்டு சிக்கினாலே போதும், இறுகிவிடும். பழைய டூத்பிரஷ்ஷால் தட்டினால் சரியாகிவிடும்.

இன்னொருவர் தேர்தல் பற்றிக் கேட்டார். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மெல்லிசாக எண்ணெய் பூசி, துணியில் சுற்றி, துப்பாக்கியின் நம்பரைச் சரிபார்த்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் உடனே நிரப்ப வேண்டாம். போன முறை என்னுடையதன் குழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.