டிஎன்ஏ நானோ ஆய்வு: வன்னியிலிருந்தே தொடங்கலாம்

கிளிநொச்சி, முல்லைத்தீவில் உயர்தரம் படிக்கும் தம்பி தங்கைகளே, டிஎன்ஏயால் நானோ வடிவங்கள் கட்டும் துறையில் ஆசையிருந்தால் ஆய்வுகூடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 2006இல் போல் ரோத்மண்ட் என்ற ஆய்வாளர், ஒரு வைரசின் நீண்ட டிஎன்ஏ இழையை 200க்கு மேற்பட்ட குறும் இழைகளால் மடித்துச் சிரித்த முகமே செய்துகாட்டினார். அடிப்படை, நீங்கள் படிக்கும் அதே அடெனின்–தைமின், குவானின்–சைற்றோசின் சோடிதான்.

இப்படியான டிஎன்ஏ வடிவங்களை வரைய உதவும் ஸ்காட்நானோ (scadnano) என்ற இலவச மென்பொருள் உலாவியிலேயே ஓடும். முதலில் ஒரு செவ்வகம் வரையுங்கள். அப்புறம் ஒரு குறும் இழையை அழித்து, எந்த இடம் பிடிப்பிழக்கும் என்று யோசித்து எழுதுங்கள். பைத்தன் என்ற நிரல்மொழியும் கொஞ்சம் பழகினால் நல்லது. பட்டப்படிப்புக்கு இரசாயனவியலோ உயிர் இரசாயனவியலோ பௌதிகவியலோ, எதுவும் சரி. பிறகு ஆய்வு வாய்ப்புக் கேட்டுப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது, சான்றிதழ்களோடு அந்த வரைபடத்தையும் ஒரு பக்க விளக்கத்தையும் கட்டாயம் இணையுங்கள்.