கையில் பணமும் காப்பீடும் இல்லாதபோது உடலுக்கும் மனதுக்கும் சிகிச்சை பெறுவது எப்படி? தமிழ்நாட்டில் முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

தமிழ்நாட்டின் பல குடும்பங்களில் ஒரே கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் பக்கத்துத் தெருவில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார்கள்; ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை என்று கையிருப்பு கரைகிறது; பிறகு வட்டிக்கு வாங்குகிறார்கள், அல்லது நகையை அடகு வைக்கிறார்கள்; எல்லாம் தீர்ந்து, நோயும் முற்றிய பிறகுதான் அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அரசு மருத்துவமனையில் மருத்துவரைப் பார்க்கவோ, அங்கே இருக்கும் மாத்திரைகளைப் பெறவோ, படுக்கையில் சேரவோ காப்பீட்டு அட்டை தேவையில்லை. எந்த நோய்க்கு எங்கே போவது, என்ன எடுத்துப் போவது, அங்கே என்ன கேட்பது என்பது தெரிந்திருந்தால் போதும்.

முதல் படி: உயிருக்கு ஆபத்து என்றால் 108

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, பக்கவாதம், விபத்து, பாம்புக்கடி, பிரசவ வலி ஆகிய எதுவானாலும் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது. பதற்றத்தில் நோயைப் பற்றி நீளமாகச் சொல்லத் தொடங்காமல், முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: ஊர், தெரு, அருகில் இருக்கும் கோயில், பள்ளி அல்லது ரேஷன் கடை. நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்பதை அடுத்துச் சொன்னால் போதும். ஆதார் அட்டையைத் தேடிக்கொண்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். அதைப் பிறகு கொண்டுவந்து கொடுக்கலாம்.

அருகில் தனியார் மருத்துவமனை மட்டுமே இருந்தால் அங்கேயே போகலாம். அவசர நிலையில் வரும் நோயாளிக்கு உயிர்காக்கும் முதலுதவி அளிப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சாலை விபத்தாக இருந்தால் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தின் பெயரை நினைவில் வையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின்படி, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை, நிர்ணயித்த வரம்பு வரை, அரசே ஏற்கிறது. அடிபட்டவர் வேறு மாநிலத்தவராக இருந்தாலும் இது பொருந்தும்.

இரண்டாம் படி: அன்றாட நோய்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம்

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நாய்க்கடித் தடுப்பூசி, கர்ப்ப காலப் பரிசோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்குப் பெரிய மருத்துவமனையின் கூட்டத்தில் நிற்கத் தேவையில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையமே போதும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை நேரம் ஒத்துவராது. நகரத்தில் வசிப்பவர்களானால் நகர்ப்புற நல்வாழ்வு மையங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அவை காலையில் மட்டுமன்றி, மாலை 4 மணி முதல் இரவு 8 மணி வரையும் செயல்படும் வகையில் அமைக்கப்பட்டவை. ஒரு நாள் கூலியை இழக்காமல் மருத்துவரைப் பார்க்க முடிவது சிறிய செய்தியன்று.

சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உறுதியானால், தொற்றா நோய்ப் பிரிவில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மாத்திரை மாதந்தோறும் கிடைக்கும். நடக்க முடியாத முதியவர் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவரைச் சேர்க்க வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். களப்பணியாளர்கள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அத்துடன் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

மூன்றாம் படி: பெரிய மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவு

முதன்முறை வருகிறவர்கள் திகைத்து நிற்பது இங்கேதான். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காலையில் எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது, ஏனெனில் புறநோயாளிகள் பிரிவு பெரும்பாலும் நண்பகலோடு முடிந்துவிடும். முதலில் பதிவு செய்யும் கவுன்ட்டரில் பெயர், வயது, முகவரி, என்ன தொந்தரவு என்பதைச் சொல்லி ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை அந்தச் சீட்டிலேயே எழுதித் தருவார்கள். மருத்துவர் பார்த்தபின் பரிசோதனை எழுதினால் அதே சீட்டோடு ஆய்வகத்துக்குப் போக வேண்டும்; முடிவு வந்ததும் அதே மருத்துவரிடம் திரும்பி வர வேண்டும்; அதன்பிறகே மருந்தகம். பலர் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவை வாங்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மருந்தகத்தில் மாத்திரைகளை வாங்கியதும் வரிசையை விட்டு ஓரமாக வந்து ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். சீட்டில் '1-0-1' என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று பொருள். உணவுக்கு முன்பா பின்பா, எத்தனை நாளுக்கு என்பது புரியாவிட்டால் அப்போதே மருந்தாளுநரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு மருந்து உள்ளே இல்லை, வெளியே வாங்குங்கள் என்று சொன்னால், உடனே கடைக்கு ஓட வேண்டாம். மருத்துவரிடம் திரும்பிப் போய், "இதற்குப் பதிலாக இங்கேயே கிடைக்கும் மருந்து ஏதாவது எழுத முடியுமா?" என்று கேளுங்கள். பல நேரங்களில் மாற்று மருந்து கிடைக்கும். வெளியே வாங்கித்தான் தீர வேண்டுமென்றால், மருந்தின் வணிகப் பெயரைக் கேட்காமல் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) எழுதி வாங்கிக்கொண்டு, குறைந்த விலையில் மருந்து விற்கும் மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ விசாரியுங்கள்.

ஓ.பி. சீட்டு, பழைய முடிவுகள், டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பையில் தேதி வரிசைப்படி வையுங்கள். இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்; "சிவப்பு மாத்திரை" என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் புரியாது.

இலவசம் என்றாலும் சில செலவுகள் இருக்கத்தான் செய்கின்றன. அலைச்சலும், இழந்த கூலியும், உடன் இருப்பவரின் சாப்பாடும்தான் ஏழைகளைப் பாதியில் சிகிச்சையைக் கைவிடச் செய்கின்றன என்று நான் நம்புகிறேன். உள்நோயாளிக்கு மருத்துவமனையே உணவு தரும். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனை வளாகங்களில் உடன் இருப்பவருக்கு அம்மா உணவகம் உண்டு, அங்கே இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்பதே விலை. பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகலாம்; எனவே துணைக்கு யார் போவது என்பதையும் இதையெல்லாம் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: மனதுக்குச் சிகிச்சை

பணமில்லாதவர்கள் உடல் நோய்க்காவது எப்படியோ மருத்துவரைப் பார்த்துவிடுகிறார்கள். மனநோய்க்கு வசதியுள்ளவர்கள் மட்டுமே சிகிச்சை பெற முடியும் என்ற எண்ணம் மட்டும் இன்னும் விடவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது. அங்கும் வெளியிலிருந்து வந்து மருத்துவரைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழ்பவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அரசு நிறுவனங்களில் மனநலச் சிகிச்சை இலவசம் என்கிறது. கையில் வறுமைக் கோட்டு அட்டை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இல்லை.

எப்போது போக வேண்டும்? இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், எதிலும் ஈடுபாடு இல்லாமல் காரணமின்றி அழுகை வந்தால், யாரும் இல்லாதபோது குரல் கேட்டால், திடீரெனச் சந்தேகமும் கோபமும் மிகுந்தால், குடியை நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாவிட்டால் போங்கள். நேரில் போகத் தயக்கம் இருந்தால் முதலில் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த 'டெலி மானஸ்' சேவைக்குக் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

மருத்துவமனையில் பதிவு செய்யும்போது "மனநலப் பிரிவு" என்று சொன்னால் போதும். கவுன்ட்டரில் நின்று உங்கள் கதையை விளக்க வேண்டியதில்லை. அறைக்குள் மருத்துவர் தூக்கம், பசி, வேலை, குடிப்பழக்கம், குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா என்றெல்லாம் கேட்பார். கூட்டம் அதிகமாக இருப்பதால் பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆகவே எப்போது தொடங்கியது, எது மிகவும் வருத்துகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குடும்பத்தார் முன்னிலையில் சொல்ல முடியாதது இருந்தால், "தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் தகவலைக் காக்கும் கடமையை அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவருக்கு விதித்திருக்கிறது.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பாராசிட்டமால் போல உடனே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல், ஆகும். முதல் வாரத்தில் லேசான குமட்டலோ தலைசுற்றலோ வரலாம். அதைக் கண்டு நிறுத்திவிடுவதும், பிறகு நன்றாக இருக்கிறது என்று தாமாகவே நிறுத்திவிடுவதும்தான் நோய் திரும்ப வருவதற்கான வழக்கமான காரணங்கள். மாத்திரை தீர்வதற்கு நான்கைந்து நாட்கள் முன்பே அடுத்த முறை போய்விடுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை தொலைவில் இருந்தால், மாவட்ட மனநலக் குழு எந்தக் கிழமையில் உங்கள் வட்டார மருத்துவமனைக்கு வருகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துச் செலவு மிச்சமாகும்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14416, 104 ஆகிய இரண்டில் எதை வேண்டுமானாலும் அழைக்கலாம். 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. முயற்சி ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தால், போலீஸ் வழக்கு வருமோ என்று அஞ்சி வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் அதைப் பதிவு செய்வது வழக்கமான நடைமுறைதான். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

ஐந்தாம் படி: உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு நீங்கள் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைகள், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையிடமோ வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். சந்தேகங்களுக்கு 1800 425 3993. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபின் ஓடுவதைவிட, சாதாரண நாளில் ஒரு பகலைச் செலவழித்து வாங்கி வைப்பது எவ்வளவோ மேல்.

அறக்கட்டளை மருத்துவமனைகளும் உண்டு. 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இலவசப் பிரிவு தனியாக இருக்கிறது. கண்புரை அறுவைக்கு அவர்களுடைய முகாம்கள் மிகவும் உதவும். இத்தகைய இடங்களில் சேரும் முன்பே மருத்துவ சமூகப் பணியாளரைச் சந்தித்து உங்கள் நிலையைச் சொல்லுங்கள். பில் போட்ட பிறகு கேட்டால் குறைப்பதற்கு அவர்களுக்கும் வழி குறைவு.

ஆறாம் படி: யாராவது பணம் கேட்டால்

ஸ்ட்ரெச்சர் தள்ளவும், பிறந்த குழந்தையைக் காட்டவும் காசு கேட்பது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. கொடுக்கத் தேவையில்லை, சண்டையும் போட வேண்டாம். தேதி, நேரம், வார்டு, கேட்ட தொகை, உங்கள் ஓ.பி. சீட்டின் எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ.வின் அறைக்குப் போய்ச் சொல்லுங்கள். மருத்துவமனையில் யாரைக் கேட்டாலும் அந்த அறையைக் காட்டுவார்கள். அங்கே பயன் இல்லாவிட்டால் 104-இலோ முதல்வரின் உதவி மையமான 1100-இலோ புகாரைப் பதிவு செய்து, அவர்கள் தரும் புகார் எண்ணை அந்த ஓ.பி. சீட்டின் பின்புறத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.