ஒரே ஜெனரேட்டரை ஐந்து முறை எண்ணாதீர்கள்

பேரிடர் மேலாண்மைக்குக் கைகொடுக்கக்கூடிய தனியாரைக் கணக்கெடுக்கப் புதிதாக இறங்குபவர்கள் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று ஒரு வாரம் சுற்றிவிட்டு முப்பது பக்கப் பட்டியலோடு திரும்புகிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, மாறிப்போன போன் நம்பர் எல்லாம் முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிடும், அதை விடுங்கள். புயல் அடிக்கிற ராத்திரியில்தான் தெரியவரும் தவறுகளைப் பார்ப்போம்.

(அரசுக் காகிதத்தில் இப்படி உதவக்கூடிய தனியாரைப் 'பங்காளர்' என்று எழுதுகிறார்கள். செட்டிநாட்டில் 'பங்காளி' என்றால் ஒரே கோயில் பிரிவைச் சேர்ந்த உறவுக்காரர். அந்தச் சொல்லோடு ஒரு வாசலில் போய் நின்றால், எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.)

ஆளை எண்ணிவிட்டுப் பொருளை விடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு இது. எரிச்சலும் இதில்தான் அதிகம்.

நான்கு கல்யாண மண்டபங்களில் கேட்கிறீர்கள். நான்கிலும் '62.5 கேவிஏ ஜெனரேட்டர் உண்டு' என்கிறார்கள். பந்தல் காண்டிராக்டரும் அதையே சொல்கிறார். பட்டியலில் ஐந்து வரி, ஐந்து ஜெனரேட்டர். ஊரில் இருப்பதோ ஒன்று. பந்தல்காரர் கொட்டகையில் டிராலி மேல் நிற்கும் அதைத்தான் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மண்டபங்கள் வாடகைக்கு எடுக்கின்றன. யாரும் பொய் சொல்லவில்லை. 'உங்களுடையதா, வாடகையா?' என்று நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஜேசிபி கதையும் இதேதான். உரிமையாளர், புரோக்கர், ரோடு காண்டிராக்டர் மூவரும் ஒரே வண்டியை மூன்று வண்டியாக்கிவிடுவார்கள்.

இதன் மேல் பஞ்சாங்கமும் சேர்ந்துகொள்ளும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்த மாதங்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. அந்த மாதத்தில் மண்டபம் புக் ஆகியிருக்கும், ஜெனரேட்டர் எங்கோ ஒரு கல்யாணத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆடியிலோ மார்கழியிலோ போய்க் கணக்கெடுத்தால் எல்லாம் சும்மா நிற்பதுபோலத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான்: பொருளை நேரில் பாருங்கள். ஜெனரேட்டர் என்றால் தகட்டில் உள்ள இன்ஜின் நம்பரையும் ஆல்டர்னேட்டர் நம்பரையும், ஜேசிபி என்றால் பதிவெண்ணையும் குறியுங்கள். ஷீட்டை அந்த நம்பர்படி வரிசைப்படுத்தினால் இரட்டைப் பதிவுகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து கேள்வி. ராத்திரி எங்கே நிற்கும்? சாவி யாரிடம்? ஓட்டுபவர் யார், எந்த ஊர்? எந்த மாதங்களில் கிடைக்காது? வேறு யாருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறார்? கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால், நீங்கள் நம்பியிருக்கும் ஜெனரேட்டரை முதலில் கூப்பிட்ட தனியார் ஆஸ்பத்திரி கொண்டுபோய்விடும்.

'அவசரம் என்றால் சட்டப்படி எடுத்துக்கொள்ளலாமே' என்று ஒரு சமாதானம் வரும். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 65-ஆம் பிரிவில் பொருளையும் வண்டியையும் கையகப்படுத்த இடம் இருக்கிறது, 66-ஆம் பிரிவில் அதற்கு ஈட்டுத்தொகையும் உண்டு. ஆனால் ஆபரேட்டர் சொந்த ஊருக்குப் போய்விட்டால் நீங்கள் கையகப்படுத்தியது வெறும் இரும்பு.

டீசல்

62.5 கேவிஏ ஜெனரேட்டர் முக்கால் லோடில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் குடிக்கும். ஒரு நாளுக்கு ஒரு பேரலுக்கு (200 லிட்டர்) மேல். பெட்ரோல் பங்க்கைப் பட்டியலில் சேர்க்கும்போது 'கரண்ட் இல்லாவிட்டால் உங்கள் பம்ப் ஓடுமா?' என்று கேளுங்கள். கஜாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஆர்ஓ கேன் தண்ணீர் ஆலையிலும் இதே கேள்வி. 500 பேருக்குக் குடிக்க மட்டும் தலைக்கு மூன்று லிட்டர் வைத்தாலும் தினம் 75 கேன் (20 லிட்டர் கேன்) வேண்டும்.

பெரிய வீட்டைத் தங்குமிடமாகக் குறிப்பது

செட்டிநாட்டு வீட்டின் முகப்பும் பட்டாசாலையும் (பெரிய கூடம்) வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) பார்த்தவுடன் '300 பேர் தங்கலாம்' என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். காவலுக்கு இருக்கும் பெரியவர் சாவி வைத்திருப்பார், அனுமதி தர அவரால் முடியாது. பங்காளிகள் எல்லாரும் எழுத்தில் சம்மதித்தாலும், ஓட்டுக்கூரையையும் உத்தரத்தையும் ஒரு இன்ஜினியர் மழைக்கு முன் ஏறிப் பார்க்காமல் ஆட்களை உள்ளே விடக் கூடாது. கழிப்பறை எத்தனை என்பதையும் எண்ணுங்கள், பல வீடுகளில் அங்கேயே கணக்கு முடிந்துவிடும். வீடு அமையவில்லை என்றால் கவலை வேண்டாம். ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அண்டாவும் அடுப்பும் மாஸ்டரும் இந்த ஊரில் கிடைப்பதுபோல் எங்கும் கிடைக்காது. பட்டியலில் முதலில் ஏற வேண்டியவர்கள் சமையல் காண்டிராக்டர்கள்.

அரிசி மில்லில் போய் சிஎஸ்ஆர் கேட்பது

சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் கடமை. அதைச் சொல்லும் கம்பெனிச் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனிகளுக்குத்தான். கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் மில் அதில் வராது. அங்கே பணம் கேட்காதீர்கள், குடோனும் லாரியும் கேளுங்கள். சிஎஸ்ஆர் கடமை உள்ள கம்பெனியிடம் போவதானால் பட்ஜெட் போடும் நேரத்தில் போங்கள். நவம்பரில் போனால் பணம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும்.

வாய்வார்த்தை

வாடகை எவ்வளவு, யார் தருவார், எத்தனை நாளில் தருவார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மாவட்ட எல்லையோடு நிறுத்துவது

பள்ளத்தூர் சிவகங்கை மாவட்டம், கோனாபட்டு புதுக்கோட்டை மாவட்டம். காரைக்குடி ஜேசிபிக்குத் திருமயம் பக்கத்து ஊர்தான், ஆனால் அங்கே ஆட்சியர் வேறு, மாவட்டப் பேரிடர் ஆணையமும் வேறு. ஒரே வண்டி இரண்டு மாவட்டப் பட்டியலிலும் ஏறியிருக்கும். இரண்டு ஷீட்டையும் பதிவெண்படி ஒரு முறை ஒட்டிப் பாருங்கள்.